இன்னிக்கிதான் பட்டுச்சு

...எத்தனை நாளாக என்று கேட்டால் கிறிஸ்துமஸிலிருந்து என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான், ஒரே வார்த்தை, அதைச் சொல்ல வாய் வலிக்கவா போகிறது, சுகிர்தா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், கிறிஸ்துமஸ்லேர்ந்து இருக்கு டாக்டர், நான்தான் சொல்லல... இல்லை, நான்தான் சொல்லல என்பது வேண்டாம், யார் கேட்டார்கள் அதை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். ரயில் கவரப்பேட்டையில் நின்று புறப்பட்டது. எதிர் சீட்டில் அவள் புருஷன் அன்புராஜ் வலது காலை இவள் பக்கத்தில் நீட்டிவைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தான், முழங்காலுக்குக் கீழே கட்டு, கட்டுக்கு மேலே அவளுடைய பழைய துப்பட்டா, நாற்றம் வெளியே தெரியாமலிருக்க விடியற்காலையில் அவள் சுற்றிவிட்டது. பொன்னேரி வந்தால் கூட்டம் ஏறும், அதுவரைக்கும் நீட்டிக்கொள்ளட்டும். இன்றைக்குச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் பார்த்துச் சொல்லப்போகிறார், புண்ணைச் சுற்றி வழித்தெடுத்தால் போதுமா, இல்லை முழங்காலோடு காலையே எடுக்க வேண்டுமா என்று. புண் எப்போது வந்தது என்று அவர் முதலில் கேட்பார், சரியா சொல்லுங்கம்மா, இந்த ஒரு தடவையாவது சரியா சொல்லுங்க என்று போன வாரம் டூட்டி டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தாள், ஒரு தடவையாவது என்று அந்தச் சின்னப் பெண் சொன்னபோது சுகிர்தாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் யார்தான் சரியாகச் சொல்கிறார்கள், சிப்காட்டைச் சுற்றியிருக்கிற தெருக்களில் போய்க் கேட்டுப்பாருங்கள், ஒருத்தருக்காவது பழைய வியாதி என்று ஒன்று இருக்கிறதா, எல்லாம் இன்றைக்குக் காலையில் வந்ததுதான். ஒரு மாதமாக இருமுகிறவனுக்கும் இன்றைக்குத்தான் இருமல், வருஷக்கணக்கில் முதுகு வலிக்கிறவளுக்கும் சற்றுமுன்தான் குடத்தைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு மட்டும்தான் எந்நேரமும் திறந்திருக்கும், அங்கே போக வேண்டுமானால் வியாதி புதிதாக இருக்க வேண்டும், பழசு என்றால் நாளைக் காலையில் ஓ.பி.க்கு வா என்பார்கள், காலையில் ஓ.பி.க்குப் போய் வரிசையில் நின்றால் ஷிப்ட் போயிற்று, ஷிப்ட் போனால் இரும்பு மில் ரகு மேஸ்திரி அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவான், பீகாரிலிருந்து வந்த பையன்கள் மில் கேட்டிலேயே படுத்துக் கிடக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் அந்த அவசரப் பிரிவில்தான் பெருக்கித் துடைக்கிறாள், அவள்தான் தெருவுக்கே வாத்தியார். முதல் தடவை கிளம்பும்போது சுகிர்தாவைச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள், "தே, எப்பலேர்ந்துன்னு கேப்பாங்கோ. இன்னிக்கிதான் பட்டுச்சுன்னு சொல்லு. பழசுன்னு சொன்னியோ, தொரத்திவுட்ருவாங்கோ. வாயுள்ள புள்ளதான் பொழைக்கும், இன்னா." பிழைக்கத்தானே சொன்னது, அவள்மேல் என்ன தப்பு, இன்றைக்கும் பிள்ளைகள் இரண்டையும் அவளிடம்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறது, காலை நாஷ்டாவுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்திருப்பாள்.

வாய் சுகிர்தாவுக்கு உண்டு, அதில் குறை கிடையாது. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், தாசில்தார் ஆபீஸ், எங்கே போனாலும் அவள்தான் பேசுவாள், அன்புராஜ் ஒரு அடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான், உழைக்கிறது அவன், பேசுகிறது இவள், குடித்தனம் இப்படித்தான் ஓடிற்று, குறையில்லாமல்தான் ஓடிற்று. அவனுடைய அப்பன் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டுத் தூக்கினவர், இவன் இரும்பு மில்லில் சேர்ந்தான், சேர்ந்த புதிதில் உருளைகளுக்கு நடுவிலிருந்து சிவக்கச் சிவக்க வந்த கம்பி தடம் மாறித் துள்ளி அவன் கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டதாம், குறடால் பிடித்து இழுத்து எடுத்தார்களாம், அது கல்யாணத்துக்கு முன்னால். ஆறின பிறகு அந்த இடம் முடியில்லாமல் மெழுகு பூசினது போல மினுங்கும். பெண் பார்க்க வந்தவன் கால்மேல் கால் போட்டபோது வேட்டி விலகி அந்தத் தழும்பு தெரிந்தது, சட்டென்று இழுத்து மூடிக்கொண்டான், அந்தக் கூச்சத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று, வேறு எதையும் பார்த்து அல்ல. வெயில் காலத்தில் அரிக்கும், தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள், தடவும்போது அவன் தூங்கிவிடுவான்... எத்தனை வருஷம் தடவிய கை, விரலை வைத்தால் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தெரியும், அந்தக் கைக்குத் தெரியாமலா அது வந்தது.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஆராதனை முடிந்து வந்து சாக்ஸைக் கழற்றினான், சாக்ஸில் ரத்தம். ஷூ தேய்ச்சிக்கிச்சு என்றான், அவளும் ஷூவைத் திட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி, டூட்டியில் இருந்தவர் குனிந்து பார்த்து எப்போது பட்டது என்றார், இவள் சொன்னாள், இன்னிக்கிதான் பட்டுச்சு சார், கேட்டுல இடிச்சிக்கினாரு. துடைத்து, மருந்து வைத்துக் கட்டி, ஊசி போட்டு அனுப்பினார், எவ்வளவு சுலபமாக இருந்தது. அடுத்த வாரம் இன்னொரு டாக்டர், இன்னொரு இன்னிக்கிதான், சைக்கிள் பெடல் இடித்தது. பிறகு கண்ணாடித் துண்டு, பிறகு கட்டில் முனை, அந்த வீட்டில் அவன் காலை இடிக்காத சாமான் ஒன்றுகூட மிச்சமில்லை, ஒரு தடவை ஆடு முட்டிவிட்டது என்றாள், அவர்களிடம் ஆடே கிடையாது, வெளியே வந்து இரண்டு பேரும் சிரித்தார்கள், பஸ் ஸ்டாப்பில் நின்று சிரித்துக்கொண்டே வேர்க்கடலை தின்றார்கள், ஐயோ, அந்தச் சிரிப்பு. ஞாயிறு காலையில் ஜெபக்கூட்டம், பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று பாஸ்டர் சொல்ல ஆமென் என்று சொன்ன அதே வாய். கொடுத்த சீட்டை வாசல் தாண்டியதும் கிழித்துப் போட்டுவிடுவாள், அடுத்த தடவை யாராவது பார்த்தால் பழசு என்று தெரிந்துவிடுமே. ஒவ்வொரு டாக்டரும் அந்தப் புண்ணை முதல் தடவையாகப் பார்த்தார், ஒருத்தரும் அது வளர்வதைப் பார்க்கவில்லை, ஓரம் தடித்தது, நடுவில் பூக்கோசு மாதிரி கிளம்பியது, எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தவள் இவள் ஒருத்திதான், பார்த்தவளுக்கு அது என்னவென்று தெரியாது, தெரிந்தவர்களை இவள் பார்க்க விடவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியதும் தெரியும், காலில் புண் இருந்தால் நெறி கட்டத்தான் செய்யும் என்று எல்லாரையும் போல அவளும் நினைத்தாள். அவன் என்னவோ ஞாயிறு மூன்று மணிக்கே தலை வாரிச் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பான், சினிமாவுக்குப் போகிறவன் போல, கட்டு மாற்றினால் வலி தேவலையாக இருக்கும்போல என்று நினைத்துக்கொள்வாள்.

பொன்னேரி. கூட்டம் ஏறியது, அவன் காலை எடுத்துக் கீழே வைத்தான், வைக்கும்போது பல்லைக் கடித்தான், அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. இதே மாதிரி ஒரு வெயிலில்தான் அந்தப் பெண் மோனிகா வந்தது, டாக்டருக்குப் படிக்கிற பெண், காலேஜில் கொடுத்த வேலை என்று கையில் பெரிய போன் மாதிரி டேப் ஒன்றை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தது. யாருக்கு என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்று கேட்டது, பிறகு டேப்பைத் திருப்பி ஒரு படம் காட்டியது, ஜில்லா முழுக்கக் கலர் கலராக. "பாருங்கக்கா, எமர்ஜென்சிக்கு வர்றவங்க உங்க பக்கம்தான் ஜாஸ்தி, எப்படிச் செவப்பா இருக்கு பாருங்க. வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை பக்கமெல்லாம் ஓ.பி.க்குத்தான் போறாங்க." ரயிலேறி ஆபீஸ் போகிறவர்கள், லீவு போட்டால் லீவு கிடைக்கிறவர்கள், போவார்கள். பிறகு விரலால் தள்ளி இன்னொரு படம், "இது தோல் கேன்சர். அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு, உங்க பக்கம் பாருங்க, சுத்தமா ஒண்ணுமில்ல, வெள்ளையா இருக்கு, எனக்கே ஆச்சரியமா இருக்கு." ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொன்னாள் சுகிர்தா, சந்தோஷமாகச் சொன்னாள், கெமிக்கல் புகையும் இரும்புத் தூசியும் தின்கிற ஊருக்கு அந்த ஒன்றையாவது கொடுக்காமல் விட்டாரே என்று. அந்தப் பெண்ணுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். உள்ளே நைட் ஷிப்ட் முடிந்து வந்த அன்புராஜ் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வீட்ல யாருக்காவது ஆறாத புண்ணு இருக்காக்கா என்று கேட்டபோது வாசல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள், இல்லம்மா, அப்புடியெல்லாம் ஒண்ணுமில்ல. மேஸ்திரி காதுக்குப் போய்விட்டால் என்ற பயம், காலில் புண் உள்ளவனைக் குறடு பிடிக்க விடமாட்டான். அந்த வெள்ளை இடத்தில் ஒரு புள்ளியாவது அவள் வைத்திருக்கலாம், டீயோடு சேர்த்து ஒரு வார்த்தை, அந்தப் பெண் உள்ளே வந்து பார்த்திருக்கும், பார்த்திருந்தால்... பார்த்திருந்தால் என்ன, இப்போது யோசித்து என்ன.

கடைசியில் மாட்டிக்கொண்டது எப்படி என்றால், டூட்டி டாக்டரம்மா ஒருத்தி இரண்டாம் தடவையும் டூட்டியில் இருந்தாள், அதுதான். இவள் கவனிக்கவில்லை, டாக்டரம்மா மாஸ்க் போட்டிருந்தாள், எல்லா டாக்டரும் மாஸ்க்கில் ஒன்றுபோலத்தான் தெரிகிறார்கள். இன்னிக்கிதான் பட்டுச்சு மேடம் என்று சுகிர்தா ஆரம்பித்தாள், அந்தச் சின்ன டாக்டர்ப் பெண் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. "போன தடவையும் இன்னிக்கிதான்னுதானேம்மா சொன்னீங்க?" கத்தவில்லை, திட்டவில்லை, ஓ.பி.க்குப் போ என்று துரத்தவுமில்லை, ஓரத்திலிருந்து ஒரு துணுக்குச் சதையை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பியது. இவர்கள் பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை. ரிசல்ட் வந்தபோது உட்கார வைத்துச் சொன்னது, பழைய தீக்காயத் தழும்பில் சில பேருக்கு இப்படித் தோல் கேன்சர் வரும், சீக்கிரம் வந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துத் தோல் வைத்துத் தைத்திருக்கலாம், இப்போது பெரிய டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் என்றால் எது சீக்கிரம், எத்தனையாவது ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது சீக்கிரமாக இருந்தது, சைக்கிள் பெடல் வரைக்குமா, கட்டில் முனை வரைக்குமா, ஆடு முட்டியபோதும் சீக்கிரம்தானா... கேட்கத் தைரியம் வரவில்லை அவளுக்கு, முதல் தடவையாக அவளுக்கு ஆஸ்பத்திரியில் வாய் வரவில்லை. பக்கத்தில் அவன் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காலை எடுத்துவிட்டால் அவன் எதை வைத்துக்கொண்டு நிற்பான், அந்த மில்லில் நின்றே பழகிய மனிதன்.

மீஞ்சூரில் கீரைக் கூடையோடு ஒரு அம்மா ஏறி, இடித்துப் பிடித்து சுகிர்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கூடையைக் காலுக்கிடையில் வைக்கக் குனிந்தாள், கட்டைப் பார்த்தாள், மூக்கைச் சுளிக்காமலிருந்தது அவளுடைய நல்ல மனசு. "இன்னா நைனா ஆச்சு காலுக்கு?" கேள்வி அவனைப் பார்த்துத்தான், பதில் சொன்னது இவள் வாய், "இன்னிக்கிதான் பட்டுச்சுக்கா, காலைல வாசப்படில..." சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. கர்த்தாவே, இங்கே யார் துரத்தப்போகிறார்கள், கீரை விற்கிற அம்மாவுக்குமா ஓ.பி., மில்லும் இல்லை மேஸ்திரியும் இல்லை, எதற்குச் சொன்னேன், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த கிறிஸ்துமஸ் எங்கே போயிற்று, இப்படித்தான் பெரிய டாக்டரிடமும் வரப்போகிறதா, பழகின நாக்கு, அறுத்துப் போட வேண்டியது நாக்கைத்தான், காலை அல்ல. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அன்புராஜ் வெளியே பார்த்தபடியே பேசினான், அயலாரிடம் அவனாக வாய் திறந்து அவள் பார்த்ததில்லை. "இல்லக்கா. நாளாச்சு." துப்பட்டா முனையைச் செருகிக்கொண்டு, "போன வருசம் ஊட்டுக் கூரைக்கு சீட்டு மாத்தினேன், அப்பவே வந்துடுச்சு," என்றான்.

சீட்டா, கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு மாற்றியது மழைக்கு முன்னால் அல்லவா, கிறிஸ்துமஸ் எங்கே அது எங்கே. "கிறிஸ்மஸ்லதானய்யா வந்துச்சு," என்றாள், குரல் தனக்கே கேட்காத மாதிரி. "ரத்தம் அப்பதான் வந்துச்சு. தோலு அதுக்கு முன்னாடியே பிரிஞ்சிடுச்சு," என்றான் அவன். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் புகை ஜன்னலில் கடந்துபோனது. கூரை மாற்றின அன்றைக்கு அவன் ஒருத்தனாகவே எல்லாச் சீட்டையும் மாட்டி முடித்துவிட்டு மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான், ஒரு காலை மடக்கிக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டு, இவள் கீழேயிருந்து கத்தினாள், இன்னா மேலியே குந்திக்கினு கீறே, சோறு ஆறிப்போவுது. வரேன் என்றான், ஏணியில் ஒரு ஒரு படியாக, வலது காலை முதலில் வைத்து... வயசாயிடுச்சு உனக்கு என்று கேலி செய்தாள், அவன் சிரித்தான், சிரித்துவிட்டு லுங்கியை இறக்கிக் கட்டிக்கொண்டான், பெண் பார்க்க வந்த அன்றைக்கு இழுத்து மூடிக்கொண்ட மாதிரி. அப்படியானால் அவள் மனசுக்குள் பொத்திப் பொத்தி எடுத்துவந்த உண்மையும் உண்மையில்லை. அவள் ஒரு உண்மையை மறைத்துக்கொண்டிருந்தாள், அவன் அதற்கு முன்னாலேயே ஒன்றை மறைத்திருந்தான். கோபம் வந்தது அவளுக்கு, சுமையில் பாதி இறங்கின மாதிரியும் இருந்தது, அப்படி இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. "ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

எண்ணூர் போயிற்று, திருவொற்றியூர் போயிற்று. கீரைக்கார அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கொருக்குப்பேட்டை தாண்டும்போது அவன் காலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான், "சொல்லலாம்னுதான் இருப்பேன். நீ டாக்டருங்களாண்ட சொல்லுவே பாரு, இன்னிக்கிதான் பட்டுச்சுன்னு... அத்த கேக்கறப்போ எனக்கே அப்புடித்தான்னு தோணிப்பூடும் சுகிர்தா. ஒரு வாரத்துக்கு நல்லாருக்கும்."

பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் ரயில் சிக்னலுக்கு நின்றுவிட்டது, நிற்காமல் போனதாக யாருக்கும் ஞாபகமில்லை. அப்படியானால் ஞாயிறு மூன்று மணிக்கே தலை வாரி உட்கார்ந்திருந்தது கட்டுக்காக அல்ல, ஊசிக்காக அல்ல... அவள் டாக்டர்களை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள், அவர்கள் கட்டுக் கட்டி அனுப்பிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்கள், நம்பியது இவன், வாரா வாரம் சட்டை மாட்டிக்கொண்டு வந்து அவள் பின்னால் நின்று கேட்டு நம்பிவிட்டுப் போனான். அவள் கை தன்னையறியாமல் துப்பட்டா சுற்றிய காலின்மேல் போய் உட்கார்ந்தது, சூடாக இருந்தது. "அப்ப எப்பலேர்ந்துதான்மா கீது?" என்றாள் கீரைக்கார அம்மா, வேறொன்றுமில்லை, ரயில் நின்றிருந்ததே, அதற்காகக் கேட்டாள். கிறிஸ்துமஸ் இல்லை, கூரையில் உட்கார்ந்த அன்றைக்கா, அதற்கும் முந்தின வெயிலில் அரிக்குது அரிக்குது என்று தூக்கத்தில் சொறிந்தானே, அதுவா, எண்ணெய் தடவின விரலுக்கு ஒருநாள் என்னவோ சொரசொரவென்று பட்டதே, அது எப்போது... "தெரிலக்கா," என்றாள் சுகிர்தா. அந்தக் கேள்விக்கு இத்தனை நாளில் அவள் சொல்லாத பதில் அது ஒன்றுதான். ரயில் குலுங்கி நகர்ந்தது, ஆட்கள் எழுந்து வாசலுக்கு நெருங்கினார்கள், அவனுக்குக் கை கொடுக்க அவளும் எழுந்தாள், எழுந்தவள் பார்த்தாள், அன்புராஜ் எழுந்திருக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பது போலவே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.